மஞ்சள் துணி கட்டிய பப்பாளி

எனக்குப் பப்பாளி பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாக்குக்கு ஆசைப்பட்டு இத்தனையும் செய்தாள் என்று யாரும் பின்னால் பேசக் கூடாது. அந்த வாடையே எனக்கு ஆகாது. ஆனாலும் என் வயசில் நல்ல பொழுதெல்லாம் பப்பாளியோடுதான் கழிந்தது. பூவை மோந்தேன், காயைத் தட்டினேன், வெற்றிலைப் பெட்டியில் பூவை வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். எல்லாம் ஒரே காரணத்துக்காக. கப்பல் ஏறக் கூடாது.

அப்போது நாங்கள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் இன்ஜின் ஷெட்டில் ஃபிட்டருக்குக் கையாள். ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தி, கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கப்பலுக்குக் காசு கொடுக்க வேண்டாம், போய்ச் சேர்ந்தால் போதும். தோட்டத்துக்கு வந்தது ரயில்வேக்கும் வரும் என்று ஷெட்டில் பேச்சு. வரவும் செய்தது. எங்கள் வரிசையிலேயே அவ்வப்போது ஒரு வீடு காலியாகும். வேலைக்காகக் கொடுத்த வீடு, வேலை போனால் வீடும் போகும்.

"போனா போகட்டும், ஊருக்குப் போயிடலாம்" என்பார் அவர். அவருக்கு ஊர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. எனக்கு அப்படி ஒன்று கிடையாது. நான் பிறந்தது கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில். அப்பா அம்மாவைப் புதைத்ததும் அங்கேதான். கூடப் பிறந்த ஒரே அண்ணன் கிள்ளானில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கடலைத் தாண்டிப் போய் யார் வீட்டு வாசலில் நிற்பது?

"ஊரு ஊருன்னு சொல்றீங்களே, அங்க உங்கப்பா இன்ஜின் ஷெட்டா கட்டி வச்சிருக்காரு?" என்று கேட்பேன்.

"உன் வாய்க்கு ஒரு பூட்டு கிடைச்சா தேவலை" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

எங்கள் வீட்டுக் கொல்லையில், குளிக்கிற குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பப்பாளி தானாக முளைத்து நின்றது. பெண் மரம். காய் சின்னது, ஒரு ஆள் உட்கார்ந்து தின்று முடிக்கிற அளவு. உள்ளே நல்ல சிவப்பு. தின்றவர்கள் எல்லாரும் சர்க்கரை போட்டாயா என்றுதான் கேட்டார்கள். நானே முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு துண்டு தின்றிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதை ஒரு நாள் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வெளியே பழக்கடை வைத்திருந்த சீன முதலாளியிடம் போனேன், தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவர் வடக்கே ஈப்போ ஊர் வரைக்கும் ரயிலில் பழம் அனுப்புகிறவர். ஒரு துண்டு வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "மானிஸ், மானிஸ்" என்றார், இனிப்பு என்று மலாயில். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்து, முழுப் பழத்தை எடுத்துக் கட்டை விரலால் ஒரு அமுக்கு அமுக்கினார். விரல் நகம் வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"தா போலே லா, முடியாது" என்று விரலைத் துடைத்துக்கொண்டார். எங்கள் ஆட்களிடம் பழகிப் பழகி அவருக்குத் தமிழ் வரும். "ரயில் ரவாங் ஸ்டேஷன் தாண்டுறதுக்குள்ள இது கஞ்சி ஆயிடும். இப்படி ருசி, ஆனா நாலு நாள் தாங்குற பழம் கொண்டா. நீ எத்தனை மரம் வச்சாலும் நான் எடுத்துக்கிறேன்."

சும்மா சொன்ன வார்த்தையோ என்னவோ, நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஷெட் வேலை போனாலும் பத்து மரமும் ஒரு தவுக்கேயும் இருந்தால் இங்கேயே பிழைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு ரயில் பாதை ஓரமாக வீட்டுக்கு நடக்கும்போதே எனக்கு மரம் நட்டு முடிந்துவிட்டது.

நாலு நாள் தாங்குகிற பழம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கிள்ளானில் அண்ணன் வீட்டுக் கொல்லையில் இரண்டு மரம் நின்றது. அந்தப் பழத்தை மூட்டையோடு மூட்டையாக வண்டியில் எறிவார்கள். துறைமுகம் வரைக்கும் குலுங்கிப் போய் இறங்கும், தோலில் ஒரு கீறல் விழாது. ருசிதான் சப்பென்று இருக்கும். மஞ்சளாக ஒரு சதை, தண்ணீரைக் கடித்தது போல. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆண் மரம், நீள நீளமாகப் பூச்சரம் தொங்க நின்றது. ஒரே பழத்தின் விதையில் வந்த மூன்றும்.

நான் போன நேரம் அண்ணன் கையில் கத்தியோடு அந்த ஆண் மரத்தடியில் நின்றார். எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிறதுதான். பூ தொங்குகிற பப்பாளி காய்க்காது, வெட்டிப் போட்டால் இடமாவது மிச்சம்.

"வெட்டாத அண்ணே" என்றேன்.

"இது காய்க்குமா உனக்கு?"

"நம்ம வீட்டுச் சேவல் முட்டையா போடுது? அதுக்காகக் கழுத்தத் திருகிடுவியா? குஞ்சு யார மாதிரி வருது, பாதி கோழி மாதிரி, பாதி சேவல் மாதிரிதானே?"

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பிரிக்ஃபீல்ட்ஸ் தண்ணி இவளுக்கு ஒத்துக்கல" என்று அண்ணியிடம் சொன்னார். ஆனாலும் கத்தியைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. லயத்துக் கூரையில் பூசணி ஏற்றிவிட்ட எந்தப் பெண்ணுக்கும் தெரிந்ததுதான். மழைக் காலத்தில் வண்டு வராது, பிஞ்சு வெம்பி விழும். அப்போது ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுவோம். காய் நிற்கும். அதையே பப்பாளிக்குச் செய்யப் போகிறேன், அவ்வளவுதான். வித்தியாசம் என்னவென்றால் பொண்ணு பிரிக்ஃபீல்ட்ஸில், மாப்பிள்ளை கிள்ளானில்.

"உலகத்துல தரகு வேலைக்கு ஆள் இல்லன்னு பூவுக்கு மாப்பிள்ளை பாக்கக் கிளம்பிட்டா" என்று என் வீட்டுக்காரர் ஷெட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார். சிரிக்கட்டும்.

முதல் தடவை பூவைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தேன். ரயில் கோலாலம்பூர் வந்து சேர்வதற்குள் வாடிச் சுருண்டுவிட்டது. அடுத்த தடவை வெற்றிலைப் பெட்டியில் ஈரத் துணி விரித்து, விடியற்காலையில் விரியப் போகிற மொட்டாகப் பார்த்துப் பறித்து, முதல் ரயிலைப் பிடித்தேன். பூ நன்றாகத்தான் வந்தது. ஆனால் எனக்கு முன்னாலேயே பூச்சிகள் எங்கள் மரத்தில் வேலையை முடித்திருந்தன. எந்த மரத்து மகரந்தமோ, யார் கண்டது? இப்படி வந்த காய் யாருடைய பிள்ளை என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

அதனால் பெண் மொட்டை அது விரிவதற்கு முன்னாலேயே துணியால் மூடிக் கட்ட வேண்டியிருந்தது. காற்று போக வேண்டும், பூச்சி போகக் கூடாது. மெல்லிய துணி வேண்டும். வீட்டில் அப்படி நைந்து மெலிந்த துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் வீட்டுக்காரர் பத்துமலைக்குக் காவடி எடுத்தபோது கட்டியிருந்த மஞ்சள் வேட்டி. ஓரமெல்லாம் கிழிந்துபோய்ப் பெட்டி அடியில் கிடந்தது. அதில் சின்னச் சின்னப் பையாகத் தைத்து மூன்று மொட்டுக்குக் கட்டினேன். விரிந்த அன்றைக்குப் பையை அவிழ்த்து, கிள்ளான் பூவைத் தொட்டுவிட்டு, மறுபடியும் கட்டினேன். இரண்டு பூ உதிர்ந்துவிட்டது. ஒன்று நின்றது.

பிஞ்சு பிடித்த பிறகு பை தேவையில்லை. ஆனால் கூட்டத்தோடு கூட்டமாகக் காய்த்தால் எது என் காய் என்று எனக்கே தெரியாமல் போய்விடுமே. பையைப் பிரித்து, அதே துணியை நாடாவாகக் கிழித்து, காம்பில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தேன்.

இதைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்தார். அவருடைய வீட்டுக்காரர் இன்ஜினில் கரி போடுகிற ஃபயர்மேன். அந்த அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் ரயில் பாதை ஓரத்து அம்மன் கோயிலுக்குப் போகிறவர். எனக்குக் காய்ச்சல் வந்து விழுந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். அந்த வேட்டி காவடி வேட்டி என்று அவருக்குத் தெரியும், துவைத்துக் காயப்போட்டபோது பார்த்திருக்கிறார். மரத்தடியில் நின்று அந்த முடிச்சையே பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்குள் அது ஒரு மரியாதை. ஒருத்தர் சாமிக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறார் என்று இன்னொருத்தர் கேட்கக் கூடாது, கேட்டால் பலிக்காமல் போகும் என்பார்கள். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பூவுக்குத் தரகு பார்த்தவள் என்று ஷெட்டு முழுக்கச் சிரித்தது போதாதா, குழாயடியிலும் சிரிக்க வேண்டுமா?

அதன் பிறகு ஒரு அதிசயம். எங்கள் மரத்தில் யாரும் கை வைக்கவில்லை. அதுவரை கல்லெறிந்து காய் அடித்த பிள்ளைகள் கூட அந்தப் பக்கம் வரவில்லை. ஜனங்கள் திருந்திவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அடி ஆத்தி, என்ன புத்தி!

காய் முற்றிக்கொண்டு வந்தது. அப்போது அண்ணிக்கு வலி எடுத்துவிட்டது, உடனே வா என்று கிள்ளானிலிருந்து ஆள் வந்தார். தலைப்பிரசவம், போகாமல் முடியாது. காயைத் தொட்டுப் பார்த்தேன். பச்சைதான். பழுப்பதற்குள் வந்துவிடலாம். என் வீட்டுக்காரரிடம் சொன்னால் மறந்துவிடுவார். அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, மரத்தப் பாத்துக்குங்க. மத்தக் காய் எப்படியோ போகட்டும். மஞ்சத் துணி கட்டுனது மட்டும் யாரும் தொடக் கூடாது, ஒரு குறையும் வரக் கூடாது."

"எனக்குத் தெரியாதா? நீ நிம்மதியாப் போயிட்டு வா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கூட வந்தது. பிரசவத்துக்குப் போகிறேன் என்று அழுகிறார் போல என்று நினைத்தேன்.

பிள்ளை நன்றாகப் பிறந்தது. அண்ணிக்குத்தான் காய்ச்சல் விடவில்லை. அதோடு மழை பிடித்துக்கொண்டது, கிள்ளான் ஆறு ஏறி ரயில் பாதை முழுகிவிட்டது. நான் நினைத்ததைவிட அதிக நாள் தங்கும்படி ஆயிற்று. திரும்பி வந்து இறங்கியபோது என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். ஷெட்டுக்குப் போக வேண்டிய நேரம் அது. அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

"நிறுத்திட்டாங்க" என்றார். "மாசக் கடைசிக்குள்ள வீட்டக் காலி பண்ணணும்."

நான் அவருக்கு ஒரு வார்த்தை சமாதானம் சொல்லவில்லை. நேரே கொல்லைக்குப் போனேன். மரம் இருந்தது. மற்றக் காய்கள் இருந்தன. என் காய் இருந்த இடத்தில் காம்பு மட்டும் பால் காய்ந்து நின்றது.

அக்கா சுவர் ஓரமாக ஓடி வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "நீ கவலையே படாத. உன் கடன நான் நிறைவேத்திட்டேன். வேலை போச்சுன்னு தெரிஞ்ச உடனே எனக்குப் பொறி தட்டிடுச்சு. நேந்த பழம் மரத்துலயே பழுத்து, ஒரு பக்கம் காக்கா கொத்தப் பாக்குது. சாமி கோவம் வராம என்ன செய்யும்? வெள்ளிக்கிழமையே பறிச்சுக் கொண்டுபோய் அம்மனுக்கு வச்சுப் படைச்சு, வந்தவங்களுக்கெல்லாம் வெட்டிக் குடுத்தாச்சு."

என் வாயில் நல்ல பேச்சு வரவில்லை.

"உங்கள யாரு குடுக்கச் சொன்னா? யாரு நேந்துகிட்டா?"

"நேந்துக்கலையா? அப்புறம் எதுக்குடி மஞ்சத் துணி கட்டுன?"

"பூச்சி வராம இருக்க!"

"பூச்சியா?" என்றார் அக்கா. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. "பூச்சிக்கா காவடி வேட்டியக் கிழிச்ச?"

நான் கத்தின கத்தலுக்கு வரிசை முழுக்க ஆள் வந்து நின்றது. அந்தப் பழத்துக்குள் இருந்த விதைதான் என் சோறு, என் வீடு, எல்லாம் என்று எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? விதை எங்கே என்று கேட்டேன். சாமி பழத்து விதை காலில் மிதிபடக் கூடாது, ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து மண்ணில் போடச் சொன்னேன் என்றார். வீடு வீடாகப் போனேன். பாதிப் பேர் மழையில் மண்ணோடு போயிற்று என்றார்கள். ஒருத்தி மிளகு டப்பாவில் கொட்டி வைத்து, மிளகு எது விதை எது என்று தெரியாமல் ரசத்தில் அரைத்துவிட்டிருந்தாள். ஒரு வீட்டில் மட்டும் ஒரு கைப்பிடி கிடைத்தது. ஈரம் போகட்டும் என்று அடுப்புக்கு மேலே உறியில் வைத்திருந்தார்களாம். அதைத்தான் முந்தானையில் முடிந்துகொண்டு கிள்ளானுக்குப் போனேன். பாத்தி கட்டி, தண்ணீர் ஊற்றி, உட்கார்ந்து பார்த்தேன். ஒன்று கூட முளைக்கவில்லை. வெந்த விதை எங்கே முளைக்கும்?

மறுபடியும் முதலிலிருந்து செய்யலாமே என்பீர்கள். அந்த ஆண் மரத்தை, நான் அண்ணி பக்கத்தில் இருந்து திரும்பிய கையோடு, மாட்டுக் கொட்டகையை நீட்டுவதற்காக அண்ணன் வெட்டியிருந்தார். "உனக்குத்தான் வேலை முடிஞ்சிடுச்சே" என்றார். பிரிக்ஃபீல்ட்ஸ் மரத்தை விட்டுவிட்டு வந்தோம். புதிதாக அந்த வீட்டுக்கு வந்தவர்கள் அதைச் சாய்த்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆக, அப்பனும் இல்லை, அம்மாவும் இல்லை.

அக்காவிடம் நான் சொல்லிக்கொண்டு கூடப் புறப்படவில்லை. அவர் வாசலில் நின்றார். நான் மறுபக்கம் பார்த்தபடி வண்டியில் ஏறிவிட்டேன். தப்பு யார் பேரில் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவர் பேரில்தான் என்பேன்.

கிள்ளானில் அண்ணன் வீட்டின் பின்கட்டில் ஒண்டிக்கொண்டோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். ஒரு நாள் வேலை இருக்கும், மூன்று நாள் இருக்காது. இரும்போடு பழகின ஆள், அரிசி மூட்டைக்குக் கீழே குனிந்து குனிந்து ஆள் பாதியாகிவிட்டார். கைக்குழந்தையோடு அண்ணிக்கும் இடம் போதவில்லை. யாரும் போ என்று சொல்லவில்லை, எங்களுக்கே தெரிந்தது. துறைமுகத்தில் தினமும் கப்பல் ஏறுகிற ஜனத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அதே நினைப்பாகிவிட்டது.

வருஷம் திரும்பப் போகிற சமயம், ஒரு நாள் சாயங்காலம் வந்து, "பேர் குடுத்துட்டேன்" என்றார். "வியாழக்கிழமை காலையில கப்பல்."

நான் சண்டை போடவில்லை. அதுதான் அவருக்கு ஆச்சரியம். எதை வைத்துச் சண்டை போடுவது? கையில் என்ன இருந்தது? கொல்லைப் பக்கம் போய் அழுதேன். வாய்விட்டு, நன்றாகவே அழுதேன். பிறகு வந்து பெட்டியை அடுக்கினேன். அவர் அதைக் கயிறு போட்டுக் கட்டினார்.

புதன்கிழமை மத்தியானம் அக்கா வந்தார். அந்த பிரிக்ஃபீல்ட்ஸ் அக்காதான். ஷெட்டுக்காரர் யாரோ சொல்லி, கப்பல் ஏறுகிறோம் என்று தெரிந்து ரயில் பிடித்து வந்திருந்தார். தலை கலைந்து, புடவையெல்லாம் கசங்கி, கையில் ஒரு பிரம்புக் கூடை. நான் உட்காருங்கள் என்று சொல்லவில்லை. அண்ணிதான் பாய் விரித்தார்.

"என்ன கூட்டம்டி ரயில்ல" என்று அவர் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார். "கூடைய மேல வச்சேன், ஒரு சீனன் தகரப் பெட்டி அது மேல விழுந்து, கூடையோட கீழ வந்திடுச்சு. அப்புறம் ஒரு அம்மா தெரியாம அது மேலயே உக்காந்துட்டாங்க. என்ன ஆயிருக்கோ." கூடையைத் திறந்து உள்ளேயிருந்து ஒரு பப்பாளியை எடுத்தார். காம்பில் மஞ்சள் துணி கட்டியிருந்தது.

கையில் வாங்கினேன். சின்னப் பழம், ஒரு ஆள் தின்கிற அளவு. தோல் முழுக்க மஞ்சளாகப் பழுத்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு இடம் கூடக் கன்றவில்லை. கட்டை விரலை வைத்து, அன்றைக்குத் தவுக்கே அமுக்கின மாதிரி அமுக்கினேன். விரல் உள்ளே போகவில்லை.

"எப்பப் பறிச்சீங்க?" என்றேன். அத்தனை மாசத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசின முதல் வார்த்தை அதுதான்.

"போன வெள்ளிக்கிழமை. கோயிலுக்குக் கொண்டுபோகத்தான் பறிச்சேன்." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கு நான் போட்ட விதையில எங்க குழாயடியில அஞ்சு முளைச்சிச்சு. ரெண்டு ஆண் மரம். எங்க வீட்டுக்காரர் வெட்டணும்னு குதிச்சார். அம்மன் பழத்து மரம், ஆணாவது பொண்ணாவது, கத்தி பட்டா நான் வீட்டுல இருக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அஞ்சும் அப்படியே நிக்குது. பாக்கி மூணும் இடுப்பு உயரத்துலயே காய்ச்சிக் கிடக்கு, ஏணி வேண்டாம், எல்லாம் அச்சுல வார்த்தது போல ஒரே காய். இது முதல் பழம். கோயில் வாசல் வரைக்கும் போயிட்டேன். அப்புறம் மனசு கேக்கல. அம்மன் ஒரு தடவை வாங்கிட்டா இல்ல? இது உனக்குத்தான்னு தோணிச்சு. அதுக்குள்ள அவருக்கு ராத்திரி வேலை, என்னால கிளம்ப முடியல. வீட்டுல சும்மாவே கிடந்துச்சு."

அண்ணி அரிவாள்மனையை எடுத்து வந்தார். நான் கொடுக்கவில்லை. நானே வெட்டினேன். உள்ளே மஞ்சள். நிறம் அப்பன் வீட்டு நிறம். விதை கொஞ்சமாகத்தான் இருந்தது, நடுவில் ஒட்டிக்கொண்டு. சதை கெட்டியாக, வெட்டுக்கு இசைந்து வந்தது. ஒரு துண்டை வாயில் போட்டேன். எனக்குப் பிடிக்காத அதே வாடைதான், ஆனால் இனிப்பு எங்கள் கொல்லை மரத்து இனிப்பு. அம்மாவின் ருசி அப்படியே வந்திருந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

"நல்லா இல்லையா?" என்று அக்கா பயந்துபோய்க் கேட்டார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் கட்டி வைத்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு துண்டு கொடுத்தேன். தின்றார். இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றார். மீதியிருந்த பாதிப் பழத்தை எடுத்துக் கையால் அழுத்திப் பார்த்தார், இரும்பு பார்க்கிறவர் பார்க்கிற மாதிரி தட்டியும் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை பறிச்சதா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"ஆமாங்க. அம்மன் மேல சத்தியமா."

"மேல ஆள் வேற உக்காந்தாங்களா?"

"நல்ல கனமான அம்மா" என்றார் அக்கா.

அவர் வாயில் ஒரு விதை அகப்பட்டிருந்தது போலிருக்கிறது. எப்போதும் பப்பாளி தின்றால் வாசலைப் பார்த்துத் துப்புவார், அதற்காகவே எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அன்றைக்குத் துப்பவில்லை. உள்ளங்கையில் எடுத்து, துடைத்து, என் முன்னால் நீட்டினார்.

"இத எங்க போடணும்? இங்கயா, அங்கயா?"

"இங்க" என்றேன்.

பெட்டியிலிருந்து எழுந்தார். கயிற்று முடிச்சை அவிழ்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது, அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தார்.

மறுநாள் காலையில் துறைமுகப் பக்கமிருந்து கப்பல் ஊதுகிற சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. அவர் கொல்லையில் கொட்டகைக்குப் பக்கத்தில் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.